சீழ் வராத புண்ணுக்கு சோரியாசிஸ் ஊசி: எல்ஏடி-1 நோயும் உஸ்டெகினுமாப் மருந்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குப் போடும் உஸ்டெகினுமாப் என்ற ஊசியை, ஏறத்தாழ பத்து லட்சம் பிரசவத்தில் ஒரு குழந்தைக்கு வரும் எல்ஏடி-1 என்ற பிறவி நோய்க்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். எல்ஏடி-1 ஒரு நோயெதிர்ப்புக் குறைபாடு. உஸ்டெகினுமாப் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து. ஏற்கெனவே குறைந்ததை இன்னும் அடக்குவதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் டாக்டர் இல்லை. ரத்த செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி எந்திரத்தோடு பல வருடம் வேலை பார்த்தவன். பெற்றோரும் பயிற்சி மருத்துவர்களும் என்னிடம் கேட்டவற்றையும், நானாகப் படித்துத் தெளிந்தவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்ஏடி-1 என்றால் என்ன?

லுக்கோசைட் அட்ஹீஷன் டெஃபிஷியன்சி என்பதன் சுருக்கம், அதில் முதல் வகை. வெள்ளணு ஒட்டாத நோய் என்று சொல்லலாம்.

ரத்தக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணு, கிருமி புகுந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் குழாயின் உட்சுவரில் உருள ஆரம்பிக்கும். வேகம் குறையும். பிறகு சுவரில் கெட்டியாக ஒட்டி நிற்கும். அப்புறம் சுவரின் இடுக்கு வழியாக நுழைந்து வெளியே திசுவுக்குள் போகும். ஒட்டி நிற்கும் அந்த ஒரு கட்டத்துக்கு இன்டெக்ரின் என்ற புரதங்கள் வேண்டும். அவற்றுக்குப் பொதுவான பாதி சிடி18. அதற்கான மரபணு ஐடிஜிபி2, 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்த பிரதி, அம்மாவிடமிருந்து வந்த பிரதி இரண்டுமே பழுதாக இருந்தால், அணு உருளும், ஆனால் ஒட்டாது. நிறுத்தத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு நிற்காமலே போய்விடும் பஸ் மாதிரிதான்.

அதனால் ஒரு விசித்திரமான நிலை வருகிறது. ரத்தத்தில் வெள்ளணு நிரம்பி வழியும். புண்ணில் ஒன்றுகூட இருக்காது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்துக் குவிந்த நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள்தான். அவை வந்து சேராத இடத்தில் சீழ் பிடிக்காது. ஆறாத புண், ஓரம் கருத்துச் சதை செத்த புண், ஆனால் சீழ் இல்லாமல் காய்ந்து கிடக்கும். சீழ் இல்லையே, நல்லதுதானே என்று வீட்டில் நினைப்பார்கள். இந்த நோயில் அதுதான் கெட்ட சேதி.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

முதல் தடயம் பெரும்பாலும் தொப்புள்கொடி. சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்கு மூன்று வாரம், நான்கு வாரம் தாண்டியும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். தொப்புளைச் சுற்றிச் சிவந்து போகும். காரணம் எளிது: கொடியை அறுத்துவிடும் வேலையில் வெள்ளணுக்களுக்கும் பங்கு உண்டு. 1979இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை, கொடி தாமதமாக விழுவது, உடம்பெங்கும் தொற்று, நகர முடியாத நியூட்ரோஃபில் ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிக் காட்டியது.

அவசரப்பட்டுப் பயப்படவும் வேண்டாம். கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் முழு ஆரோக்கியமானவர்கள். கூடவே ரத்தப் பரிசோதனைத் தாளைப் பாருங்கள். வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கையைச் சொல்லும் ‘டோட்டல் கவுண்ட்’ 4,000 முதல் 11,000 வரை என்பது பெரியவர்களுக்கான அளவு, பச்சைக் குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எல்ஏடி-1 குழந்தைக்கு, தொற்று இல்லாத நாளிலும் அது 20,000, 30,000 என்று நிற்கும். தொற்று வந்தால் லட்சத்தைத் தொடலாம். ரத்தப் புற்றுநோயோ என்று பயந்து மஜ்ஜைப் பரிசோதனை வரை போன கதைகள் உண்டு.

வீட்டில் பாட்டி இருந்தால் கேளுங்கள். கொடி எத்தனையாவது நாள் விழுந்தது என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்காது. பாட்டிக்கு நினைவிருக்கும்.

எப்படி உறுதி செய்வார்கள்?

ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் போதும். சிடி18, அதோடு சேர்ந்து இன்டெக்ரினாகும் சிடி11 ஆகிய புரதங்களில் போய் ஒட்டும் ஒளிரும் சாயத்தைக் கலந்து எந்திரத்தில் விட்டால், ஒவ்வொரு செல்லும் லேசர் முன்னால் ஒற்றை வரிசையில் கடந்து போகும். திரையில் ஒரு குன்று மாதிரிப் படம் எழும். ஆரோக்கியமானவரின் குன்று வலப்பக்கம் நிற்கும். கடுமையான எல்ஏடி-1 என்றால் குன்று முழுவதும் இடப்பக்கம் நகர்ந்து, சாயமே போடாத செல்களோடு ஒன்றாகக் கிடக்கும். அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது சாயம் போட மறந்துவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். அதற்குத்தான் பக்கத்திலேயே ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்து ஓட்டுவது.

சிடி18 இயல்பில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமை, 2 முதல் 30 சதவீதம் வரை மிதம் என்று பிரிப்பார்கள். ஒரு சிலருக்குப் புரதம் இருக்கும், வேலை செய்யாது. அவர்களின் குன்று சரியான இடத்தில் நின்று நம்மை ஏமாற்றிவிடும். சந்தேகம் தீராவிட்டால் மரபணுப் பரிசோதனைதான். மும்பையில் இருக்கும் ஐசிஎம்ஆரின் தேசிய நோயெதிர்ப்பு-ரத்தவியல் நிறுவனம் இந்த நோயில் நீண்ட காலமாக வேலை செய்துவருகிறது. குழாயை வெயில் காலத்தில் கூரியரில் மூன்று நாள் சுற்றவிட்டால் மட்டும் எந்த நிறுவனத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தொற்று நோய்தானே? அழற்சி எங்கிருந்து வந்தது?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிதமான எல்ஏடி-1 உள்ளவர்கள் குழந்தைப் பருவத்தைத் தாண்டி வளர்கிறார்கள். அவர்களைத் தொடர்ந்து வாட்டுவது ஈறு. பால் பல் முளைக்கும்போதே ஈறு சிவந்து வீங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பதின்வயதில் பற்கள் ஆடி விழும். பல வருடங்களாக இதற்குச் சொன்ன விளக்கம் நேரானது: காவல் இல்லை, கிருமி புகுந்து தின்கிறது. அதனால் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஈறு ஆறவில்லை. விளக்கம் சரியாக இருந்தால் மருந்து கேட்டிருக்க வேண்டுமே?

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில், அதாவது என்ஐஎச்சில், ஈறு நோய்களை ஆராயும் நிகி மௌட்சோபௌலோஸ், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் ஆகியோரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த விளக்கத்தைத் தலைகீழாக்கியது. நோயாளிகளின் ஈற்றுத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். கிருமிகள் சதைக்குள் படையெடுத்திருக்கவில்லை. பல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. ஆனால் திசுவுக்குள் ஐஎல்-17 என்ற அழற்சிச் சமிக்ஞை உச்சத்தில் இருந்தது. எலும்பைக் கரைத்தது அந்த அழற்சி.

ஏன் அப்படி? நியூட்ரோஃபில் திசுவுக்குள் போய்ச் சண்டை போடுவதோடு அதன் வேலை முடிவதில்லை. அங்கேயே செத்துப் போகும். அதன் பிணத்தை மேக்ரோஃபேஜ் என்ற செல் விழுங்கும். விழுங்கியதும் மேக்ரோஃபேஜ், ‘ஆள் வந்துவிட்டது, போதும்’ என்பதுபோல ஐஎல்-23 என்ற சமிக்ஞையைக் குறைத்துக்கொள்ளும். ஐஎல்-23 குறைந்தால் ஐஎல்-17 குறையும். அது குறைந்தால் எலும்பு மஜ்ஜைக்குப் போகும் ‘இன்னும் ஆள் அனுப்பு’ என்ற ஜி-சிஎஸ்எஃப் தகவலும் குறையும்.

எல்ஏடி-1இல் திசுவுக்குள் யாரும் போவதே இல்லை. பிணம் இல்லை, விழுங்கல் இல்லை, ‘போதும்’ என்ற சொல்லும் இல்லை. ஐஎல்-23 கத்திக்கொண்டே இருக்கிறது. ஐஎல்-17 ஏறுகிறது. மஜ்ஜை மேலும் மேலும் வெள்ளணுவை உற்பத்தி செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. ‘டோட்டல் கவுண்ட்’ ஏறி நிற்பதில் இந்தக் கூச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் அச்சடித்துக் கொடுத்த தாள்களில் இருந்த அந்த எண்ணுக்கு இப்படி ஒரு கதை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எலிகளில் இன்னொன்றும் கண்டார்கள். எல்எஃப்ஏ-1 என்ற இன்டெக்ரின் இல்லாத எலிகளின் ஈறில் ஐஎல்-23ஐயோ ஐஎல்-17ஐயோ தடுக்கும் ஆன்டிபாடியை, அதாவது அதைப் பிடித்து முடக்கும் புரதத்தை, ஏற்றினார்கள். எலும்புக் கரைவு நின்றது. கிருமிகளின் எண்ணிக்கையும் குறைந்தது! அழற்சியை அடக்கினால் கிருமி பெருகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. வெந்துபோன ஈறிலிருந்து கசியும் புரதச் சாறுதான் கிருமிகளுக்குத் தீனி என்பது ஒரு விளக்கம். அடுப்பை அணைத்ததும் பந்தி கலைந்த கதை.

அந்த இடத்தில் உஸ்டெகினுமாப் எப்படி வந்தது?

ஐஎல்-23 இரண்டு துண்டுகளால் ஆனது. அதில் ஒன்று பி40. உஸ்டெகினுமாப் என்ற ஆன்டிபாடி அந்த பி40ஐப் பிடித்துக்கொள்ளும். சோரியாசிஸிலும் கூச்சல் போடுவது இதே ஐஎல்-23, ஐஎல்-17 கூட்டணிதான் என்பதால், 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்தத் தோல் நோய்க்கு இதை அனுமதித்தது. பிறகு சோரியாசிஸ் மூட்டுவாதம், 2016இல் குரோன்ஸ் என்ற குடல் அழற்சி, 2019இல் அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்று பட்டியல் நீண்டது. ஆக, தடுக்க வேண்டிய சமிக்ஞை எது என்று தெரிந்த நாளில், தடுக்கும் மருந்து ஏற்கெனவே மருந்துக்கடை ஃபிரிட்ஜில் இருந்தது.

ஒரு சிக்கல்: பி40 ஐஎல்-12 என்ற இன்னொரு சமிக்ஞையிலும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் இந்த மருந்து தடுக்கும். இது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

ஐஎல்-17ஐயே நேராகத் தடுக்கும் மருந்துகளும் உண்டே, அவற்றைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். செக்குகினுமாப் என்ற அந்த வகை மருந்தைக் குரோன்ஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் இல்லை, சிலருக்கு நிலைமை மோசமானது. எல்ஏடி-1 உள்ளவர்களில் சிலருக்குக் குடல் அழற்சியும் வருவதால், என் பார்வையில் உஸ்டெகினுமாப் பக்கம் சாய்வதே நியாயம்.

முதலில் யாருக்குக் கொடுத்தார்கள்? என்ன ஆனது?

ஒரே ஒரு நோயாளிக்கு. கடுமையான ஈறு நோயோடு, முதுகின் அடியில், திரிகப் பகுதியில், எதற்கும் ஆறாத ஆழமான புண் அவருக்கு இருந்தது. என்ஐஎச்சின் மௌட்சோபௌலோஸ், ஸ்டீவன் ஹாலண்ட் குழுவினர் உஸ்டெகினுமாப் தொடங்கினார்கள். ஒரு வருட சிகிச்சைக்குப் பின் ஈறின் அழற்சி அடங்கியது, புண் ஆறியது, பெரிய தொற்று எதுவும் வரவில்லை. 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளியானது.

படுத்தால் வலி, உட்கார்ந்தால் வலி, கட்டு மாற்றினால் வலி என்று இருப்பவருக்குப் புண் மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று, நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

ஒருவருக்குக் குணமானால் போதுமா?

போதாது. அதனால்தான் பெதெஸ்டாவில் இருக்கும் என்ஐஎச் வளாகத்தில், மேலும் சில எல்ஏடி-1 நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆரம்பகட்டச் சோதனையைத் தொடங்கினார்கள்.

இதில் வெற்று ஊசி போட்டு ஒப்பிடும் குழு கிடையாது. யாருக்கு என்ன மருந்து என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடக்கும். சோரியாசிஸ் சோதனைகளில் நூற்றுக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயில் இரண்டு குழுவுக்கு ஆளை எங்கே தேடுவது? அதனால் ஒவ்வொரு நோயாளியும் தனக்குத் தானே ஒப்பீடு: ஊசிக்கு முன் எப்படி, பின் எப்படி.

இந்த முறையை மட்டமாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சளி, தலைவலி மாதிரி தானாக வந்து தானாகப் போகும் நோய்க்கு முன்-பின் ஒப்பீடு மோசமான வழி. ஐந்து வருடமாக ஆறாத புண் தானாக ஆறுவது அபூர்வம். அங்கே அதே ஒப்பீட்டுக்கு மதிப்பு கூடுகிறது. ஆனால் ஈறு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தவுடன் நோயாளி ஒழுங்காகப் பல் விளக்குகிறார், பல் மருத்துவர் அடிக்கடி பார்க்கிறார், சுத்தம் செய்கிறார். ஈறு தேறியதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, பிரஷ்ஷுக்கு எவ்வளவு பங்கு? ஈற்றுத் திசுவிலேயே ஐஎல்-17 குறைந்திருக்கிறதா என்று அளப்பது இதற்காகத்தான். அந்த அளவு குறைந்து, ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தின் ஆழமும் குறைந்து, எக்ஸ்ரேயில் எலும்பும் கரையாமல் நின்றால் நம்பலாம்.

எதிர்ப்பு குறைந்த உடம்புக்கு எதிர்ப்பை அடக்கும் ஊசி. ஆபத்து இல்லையா?

இருக்கிறது. ஆனால் எல்லாக் கதவையும் பூட்டும் மருந்து அல்ல இது. ஸ்டீராய்டு மாதிரி மொத்தமாக அடக்காமல், குறிப்பிட்ட இரண்டு சமிக்ஞைகளை மட்டும் தடுக்கிறது.

கவலைப்பட வேண்டியது ஐஎல்-12 பக்கம். காசநோய்க் கிருமியைச் செல்லுக்குள்ளேயே கட்டிப்போட ஐஎல்-12 வேண்டும். பிறவியிலேயே ஐஎல்-12 பி40 இல்லாதவர்களுக்கு பிசிஜி தடுப்பூசியே நோயாக மாறிவிடுவதும், சால்மொனெல்லா திரும்பத் திரும்பத் தாக்குவதும் தெரிந்த விஷயம். சோரியாசிஸ் நோயாளிகளிடம் உஸ்டெகினுமாப் காசநோயைக் கிளப்பியது அரிதுதான் என்றாலும், பெதெஸ்டாவில் இருப்பவருக்கும் சேலத்தில் இருப்பவருக்கும் காசநோய் ஆபத்து ஒன்றல்ல. நம் ஊரில் பிறந்தவுடன் பிசிஜி போடுகிறோம், உறங்கும் காசநோய் பல உடம்புகளில் இருக்கிறது. ஊசிக்கு முன் மாண்டூ அல்லது இக்ரா பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தே ஆக வேண்டும். உறங்கும் காசநோய் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. சிகிச்சையின்போது உயிருள்ள தடுப்பூசிகள் கூடாது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். இந்த ஊசி உடம்பில் நெடுநாள் தங்கும்; பாதி வெளியேறவே ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். சோரியாசிஸுக்கு முதல் ஊசி, நான்காவது வாரம் இரண்டாவது, பிறகு 12 வாரத்துக்கு ஒன்று என்று போடுவார்கள். வேண்டாம் என்று நிறுத்தினால் மறுநாளே அதன் வேலை நின்றுவிடாது.

ஏன் பழைய மருந்து? இந்த நோய்க்கென்றே புதிதாகச் செய்யக் கூடாதா?

செய்யலாம், யார் செய்வார்கள்? ஒரு மருந்தை ஆய்வகத்திலிருந்து கடைக்குக் கொண்டுவரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். உலகம் முழுவதும் தேடினாலும் சில நூறு பேர்தான் வாங்குவார்கள் என்றால் எந்தக் கம்பெனி முன்வரும்? பழைய மருந்தில் டோஸ் தெரியும், பக்கவிளைவு தெரியும், தயாரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. இந்த நோயில் வேலை செய்கிறதா என்பது மட்டும்தான் பாக்கி.

இந்த வழிக்கு நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு முன்னோடி உண்டு. மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல் என்ற பரம்பரை அழற்சி நோய்க்கு, கௌட் மூட்டுவலிக்கு வெகுகாலமாகக் கொடுத்துவந்த கோல்ச்சிசின் கேட்கிறது என்று 1972இல் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர் என்ற மருத்துவர் ஒரு சிறு கடிதமாக எழுதினார். பிறகு முறையான சோதனைகள் அதை உறுதி செய்தன. இன்றும் அந்த நோய்க்கு முதல் மருந்து அதுதான். கோல்ச்சிசின் செங்காந்தள் விதையிலும் இருக்கிறது. நம் மாநிலப் பூவேதான்; மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்த்து விதையை விற்கிறார்களே, அந்தச் செடி. விதையும் கிழங்கும் கடும் நஞ்சு. கைவைத்தியமாக யாரும் தொட வேண்டாம்.

கடுமையான எல்ஏடி-1 உள்ள கைக்குழந்தைக்கும் இதே ஊசிதானா?

இல்லை. இதில் குழப்பமே கூடாது. உஸ்டெகினுமாப் அழற்சியை அடக்கும், வெள்ளணுவை ஒட்டவைக்காது. கடுமையான வகையில் ஸ்டெம் செல் மாற்று, அதாவது கொடையாளரின் ரத்த மூலச் செல்களை ஏற்றுவது, செய்யாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது மாற்று சிகிச்சை, அதுவும் சீக்கிரமாக. 2021இல் வெளியான ஒரு பன்னாட்டுத் தொகுப்பில், மாற்று செய்துகொண்ட 84 எல்ஏடி நோயாளிகளில் மூன்று வருடத்துக்குப் பின்னும் உயிரோடு இருந்தவர்கள் 83 சதவீதம். பொருத்தமான கொடையாளர் கிடைக்காதவர்களுக்காக மரபணு சிகிச்சையும் வந்துகொண்டிருக்கிறது: குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து, சரியான ஐடிஜிபி2வை ஏற்றித் திருப்பிக் கொடுப்பது. கடுமையான வகை உள்ள 9 குழந்தைகளுக்கு அப்படிச் செய்து, 9 பேருமே உயிரோடு இருப்பதாக 2025இல் முடிவு வெளியானது.

உஸ்டெகினுமாப் பேச்சு எழுவது மிதமான வகையோடு வளர்ந்தவர்களுக்கும், மாற்று செய்ய முடியாமல் ஈறோடும் புண்ணோடும் போராடுபவர்களுக்கும்தான்.

தமிழ்நாட்டில் இருக்கும் நோயாளிக்கு இது கிடைக்குமா?

எல்ஏடி-1க்கு என்று எங்கும் அனுமதி பெற்ற மருந்து அல்ல இது. மருத்துவர் தன் பொறுப்பில், அனுமதிக்கு அப்பாற்பட்ட பயன்பாடாக எழுதலாம். அப்படி எழுதினால் நோயெதிர்ப்பு மருத்துவர், பல் மருத்துவர், தொற்றுநோய் மருத்துவர் மூவரும் பேசி எழுத வேண்டும். சோரியாசிஸ் பார்க்கும் பக்கத்துத் தெரு கிளினிக்கில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் காரியம் இல்லை.

விலைதான் தடை. அமெரிக்காவில் 90 மில்லிகிராம் ஊசி ஒன்றின் பட்டியல் விலை 20,000 டாலருக்கு மேல் போயிருந்தது. 2023 அக்டோபரில் முதல் பயோசிமிலருக்கு, அதாவது காப்புரிமைக் காலத்துக்குப் பின் மற்ற கம்பெனிகள் செய்யும் ஒத்த மருந்துக்கு, எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. போட்டி கூடக் கூட விலை இறங்கும் என்பது நியாயமான நம்பிக்கை.

நம் நாட்டின் அரிய நோய்க் கொள்கை 2021இல் வந்தது. ஸ்டெம் செல் மாற்றால் தீரக்கூடிய நோயெதிர்ப்புக் குறைபாடுகளை அது முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அங்கீகரித்த மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நமக்குப் பக்கத்தில் பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் அப்படி ஒரு மையம். குழந்தைக்கு மாற்று சிகிச்சை என்றால் முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள். ஏதாவது சோதனை நடக்கிறதா என்று பார்க்க சிடிஆர்ஐ என்ற இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம்.

சோதனையில் சேரக் கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும்?

பலன் இருந்தால் சோதனை முடிந்த பிறகும் மருந்து தருவீர்களா என்று முதலில் கேளுங்கள். பாதிக்கப்பட்டால் செலவு யார் தலையில் என்பது இரண்டாவது. மற்றதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு இரவு வைத்திருந்து படியுங்கள். அன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினால் அந்த இடம் சரியில்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

இருக்கலாம். அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டும்போது, ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடும். இருவருமே பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் இயற்கை சீட்டைப் புதிதாகத்தான் குலுக்குகிறது. சொந்தம் இல்லாத தம்பதிக்கும் வரும். மருமகளைத் திட்டுவதற்கு இதில் இடமே இல்லை, பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் நோய். முதல் குழந்தையின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே பரிசோதித்துவிடலாம்.

மாட்டுக்கும் இந்த நோய் வருமாமே?

வரும். அரிய நோய் எப்படி அரியதாக இல்லாமல் போகும் என்பதற்கு அதுவே உதாரணம். ஹோல்ஸ்டீன் இனத்தில், அதாவது நம் பால்காரர்கள் எச்.எஃப் என்று சொல்லும் கருப்பு வெள்ளை மாட்டில், ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஒரே ஒரு காளையிடமிருந்து சிடி18 பழுது பரவியது. சினை ஊசி வழியாக அதன் வாரிசுகள் உலகமெல்லாம் போயின. 1992இல் வெளியான கணக்கில் அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் சுமார் 14 சதவீதம் இந்தப் பழுதைச் சுமந்தன. இரண்டு பக்கமும் பழுது வாங்கிய கன்றுக்கு அதே ஈறு நோய், அதே பல் இழப்பு, அதே ஆறாத புண், சீக்கிரம் சாவு. இப்போது விந்து நிலையங்களில் காளையைச் சேர்ப்பதற்கு முன்பே பரிசோதித்துவிடுகிறார்கள், இந்தியாவிலும் அப்படித்தான். மனிதர்களைவிட மாடுகளுக்கு இதில் ஒழுங்கான ஸ்கிரீனிங் நடக்கிறது என்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு கிண்டல் உண்டு.

எனக்குப் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. எனக்கும் எல்ஏடி-1 இருக்குமா?

இருக்காது. இதைப் படிக்கும் வயதுவரை பெரிய தொற்று எதுவும் இல்லாமல் வந்திருந்தால், பல் இடுக்கில் காரைதான் படிந்திருக்கும். பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.